கண்ணு டாக்டர் ஒட்டிய பார்வை

ஸ்டூடியோவில் ஃபிளாஷ் அடித்ததில் ஒரு கைக்குழந்தையின் இடது கண் அவிந்துவிட்டது என்று ஊருக்குள் பேச்சு.

முடிதிருத்தும் கடையில் சோப்பு நுரைக்கு நடுவே பிறந்த பேச்சு அது. மருந்துக்கடை வரிசையில் நின்று, பள்ளிக்கூட வாசலில் கொஞ்சம் இளைப்பாறி, சாயங்காலத்துக்குள் ஸ்டூடியோ படியேறிவிட்டது. ஏறும்போது ஒரு கண் இரண்டு கண்ணாகியிருந்தது. இன்னும் இரண்டு தெரு சுற்றியிருந்தால் குழந்தையும் இரட்டைக் குழந்தையாகியிருக்கும்.

அன்று படமெடுக்க நேரம் குறித்திருந்த இரண்டு குடும்பங்களும் வரவில்லை. ஒன்று குழந்தைக்கு ஜலதோஷம் என்றது. இன்னொன்று போனையே எடுக்கவில்லை. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளறைக்கு வந்தார்.

"டாக்டரே, இது கண்ணு கேஸு. உங்க டிபார்ட்மெண்ட். அந்த வீட்டுக்குப் போய் என்னதான் நடந்துச்சுன்னு பாத்துட்டு வாங்க."

"நான் போய் என்ன முதலாளி பண்றது?"

"உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும். நான் போனா சண்டைக்கு வந்த மாதிரி ஆயிடும்."

டாக்டர் என்று முதலாளி கூப்பிட்டது ஒன்றும் மருத்துவரை அல்ல. ஜன்னல் இல்லாத உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் பகல் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, எடுத்த படங்களைத் திருத்திக் கொடுக்கிறவரை. கண்ணு டாக்டர் என்பது ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம். கல்யாணப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு அவர் கண் திறந்துவிடுவார். அடையாள அட்டைப் படத்தில் மாறுகண்ணை நேராக்குவார். ஃபிளாஷ் வெளிச்சத்தில் பேய்க்கண் மாதிரி சிவந்து விழுந்த கண்களைக் கறுப்பாக்குவார். கத்தியும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை, எலி அளவு ஒரு மௌஸ்தான். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காசுக்கு இத்தனை கண்கள் குணமாகுமா என்று முதலாளியே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் கைவண்ணம் எல்லாவற்றையும்விட அதிகம் தேவைப்பட்டது கைக்குழந்தைப் படங்களுக்குத்தான். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு உலகம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் தூரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் எல்லாமே புகைமூட்டம். பால் கொடுக்கிறவள் குனிந்தால் அவள் முகம் எங்கே வருமோ அதுவரைக்கும்தான் அதன் நாடு. அதிலும் நெற்றியில் முடி தொடங்குகிற கறுப்புக் கோடுதான் முதலில் பிடிபடும். மூக்கும் முழியும் அப்புறம். கேமராவோ ஆளுயரம் தள்ளி நிற்கிறது. குழந்தை அதை ஏன் பார்க்கும்? கூரையைப் பார்க்கும், ஒரு கண் கிழக்கே போகும், மற்றது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். ஆனால் குடும்பங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சார், படத்துல குழந்தை எங்களையே பாக்கற மாதிரி இருக்கணும்."

கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. டாக்டரின் கம்ப்யூட்டரில் 'நல்ல கண்' என்று ஒரு கிடங்கு இருந்தது. முதலாளியின் மகன் நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது கேமராவை நேராகப் பார்த்துவிட்டான். அந்த ஜோடிக் கண்தான் கிடங்கின் முதல் சரக்கு. ஊரில் பல வீட்டு ஹால்களில் வெவ்வேறு நிறத்துக் குழந்தைகள் முதலாளி மகனின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தன. "அப்படியே அப்பா கண்ணு" என்று பூரித்தவர்கள் உண்டு. யாருடைய அப்பா என்று டாக்டர் விளக்கப் போகவில்லை. அந்த மகன் இப்போது ஆறாம் வகுப்பில் சோடாபுட்டிக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான்.

படமெடுக்கும்போது டாக்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டி, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கூவுவது. மற்றபடி பகலெல்லாம் ஊரார் கண்களைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவர், வீட்டில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். "என் கண்ணு என்ன நிறம்னு கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியுமா?" என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டாள். கறுப்பு என்றார். எல்லாருக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கைக்குழந்தையின் வீட்டு ஹாலில் நுழைந்ததும் டாக்டரின் கண்ணில் முதலில் பட்டது அவர் திருத்திய படம்தான். தங்கநிறச் சட்டத்துக்குள் ஒரு மாதக் குழந்தை இரண்டு கண்ணாலும் ஹாலையே அதட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே நாற்காலியில் அதே குழந்தை, இப்போது ஐந்து மாதம், தாயின் மடியில். இடது கண்மணிக்குள் பால்துளி விழுந்த மாதிரி ஒரு வெள்ளை.

பேசியது தாய் அல்ல, அவள் நாத்தனார். பெரிய கடையொன்றில் கல்லாவில் உட்கார்ந்து பழகியவள். வருகிறவர்களை நோட்டைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

"நீங்கதான் ஃபிளாஷ் போட்டவரா தம்பி?"

"நான் படத்தைத் திருத்தறவன்க்கா. ஃபிளாஷ் பட்டு கண்ணு போனதா எங்கயும் கேள்விப்பட்டதில்ல."

"நீங்க கேள்விப்படலேன்னா நடக்காதா? கண்ணாஸ்பத்திரில கேட்டாங்க, சின்னதுல எடுத்த படம் இருக்கான்னு. இதோ இதைக் கழட்டிக் கொண்டுபோய்க் காட்டினோம். பாத்துட்டு அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ஒரு மாசத்துல ரெண்டு கண்ணும் நல்லா இருந்திருக்கு, அதுக்கப்புறம்தான் வந்திருக்குன்னாங்க. அதுக்கப்புறம்னா என்ன? உங்க ஃபிளாஷுக்கு அப்புறம்."

தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அதுக்கு முன்னாடியேதான்க்கா. நான் அப்பவே சொன்னேன்ல. வலது பக்கம் போட்டுப் பால் குடுத்தா கண்ணெடுக்காம என்னையே பாப்பான். இடது பக்கம் மாத்தினா நான் ஒருத்தி இருக்கறதே தெரியாத மாதிரி கிடப்பான். உள்ள ஏதோ வெள்ளையா மின்னுதுன்னுகூடச் சொன்னேன்."

"சொன்னே. எத்தனை தடவை சொன்னே. நானும் எத்தனை தடவை இந்தப் படத்தைக் காட்டினேன்? ரெண்டும் திராட்சைப் பழம் மாதிரி இருக்கு, அதுல போய் நொட்டை சொல்றியேன்னு கேட்டேனா இல்லையா?"

தாய் படத்தைப் பார்த்தாள். படம் அவளைப் பார்த்தது. அந்த வீட்டில் நாலு மாதமாக அவளுக்கும் அந்தப் படத்துக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் படம்தான் ஜெயித்தது.

டாக்டர் தன் கட்சிக்காரரான ஃபிளாஷை விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப நேரா ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுடலாம்க்கா. எங்க மேல தப்புன்னா முதலாளி பாத்துப்பார்." மறுநாள் காலையில் சட்டத்தோடு படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மூவரும் குழந்தையும் கிளம்பினார்கள். தந்தை பஸ் ஓட்டப் போயிருந்தார்.

கண் மருத்துவர் ஒரு நடுவயது அம்மாள். குழந்தையின் வலது கண்ணைக் கையால் மறைத்தார். குழந்தை தலையைத் திருகி அழுதது. இடது கண்ணை மறைத்தார். அதற்கு ஒன்றும் இல்லை, மருத்துவரின் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"ஃபிளாஷ் பட்டெல்லாம் கண்ணு போகாது," என்றார். "இது கண்புரை. லென்ஸ் வெள்ளையாயிடுச்சு."

டாக்டர் நாத்தனாரைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரின் கட்சி பேசியது இதுதான் முதல்முறை.

"கைக்குழந்தைக்கு இது பெரும்பாலும் பிறவிலயே இருக்கும். அப்படின்னா முதல் ரெண்டு மாசத்துக்குள்ள கொண்டு வந்திருக்கணும். கண்ணு வழியா உருவம் போனாத்தான் மூளை பாக்கக் கத்துக்கும். போகலைன்னா அந்தக் கண்ணையே அது ஒதுக்கி வச்சிடும். இனிமே ஆபரேஷன் பண்ணாலும் கொஞ்சம்தான் தேறும்." மருத்துவர் படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஆனா இவனுக்கு ஒரு மாசத்துல தெளிவா இருக்கே. அதான் குழப்பமா இருக்கு. நீங்கதானே படம் போட்டது? இதுல டச்சிங் எதாவது பண்ணினீங்களா?"

"இல்ல மேடம். நேச்சுரல்," என்றார் டாக்டர்.

யோசித்துச் சொன்ன பதிலில்லை அது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் அதே கேள்வியைக் கேட்கிறார்கள், எட்டுப் பேருக்கும் அதே பதில். முதல் வாரத்திலேயே முதலாளி சொல்லிக்கொடுத்திருந்தார்: வேலை தெரியக் கூடாது, வேலை தெரிஞ்சா அது வேலையே இல்ல. கையெழுத்துப் போடுகிற மாதிரி வாய் தானாகப் போட்டுவிட்டது.

"அப்ப சரி," என்றார் மருத்துவர். "ஏன்னா, புரை இருந்திருந்தா ஃபிளாஷ் படத்துலயே தெரிஞ்சிருக்கும். நல்ல கண்ணு சிவப்பா வரும், புரை இருக்கற கண்ணு வெள்ளையா மின்னும்."

சிவப்பா, வெள்ளையா. மருத்துவரின் கையிலிருந்த படத்தைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். இரண்டு கறுப்புக் கண்மணியிலும் ஒவ்வொரு வெளிச்சப்புள்ளி. வலது கண்ணில் புள்ளி மூக்கை ஒட்டி இருந்தது. இடது கண்ணிலும் மூக்கை ஒட்டித்தான் இருந்தது. ஒரே விளக்கு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்தான் விழும். எதிரெதிரே விழுந்தால் ஒரு கண்ணை எடுத்துத் திருப்பி இன்னொன்றின்மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊரில் இந்த வித்தை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுல அடிபட்டாலும் இந்த மாதிரி புரை வரும்," மருத்துவர் தாயின் பக்கம் திரும்பினார். தணிவாகத்தான் கேட்டார். "குழந்தை எங்கயாவது விழுந்தானாம்மா? எதாவது பட்டுச்சா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றாள் நாத்தனார். "பகல்ல நீ மட்டும்தானே வீட்ல இருக்கே."

தாய் யாரையும் பார்க்காமல் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொத்தான் முன்பே போட்டுத்தான் இருந்தது. டாக்டர் இப்போது ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கண்ணை ஒட்டினது நான்தான் மேடம், இவ்வளவுதான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். அவர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

வதந்தி பொய் என்று தெரிந்ததில் முதலாளிக்கு ஒரே குஷி. சாயங்காலமே கண்ணாடிக் கதவில் பலகை தொங்கியது: 'ஃபிளாஷால் கண்ணுக்கு ஆபத்தில்லை. மருத்துவர் உறுதி.' ஊரும் நியாயமான ஊர். பழைய பேச்சை உடனே வாபஸ் வாங்கிக்கொண்டு, புதிய பேச்சை வெளியே விட்டது. அம்மாக்காரி குழந்தையைக் கீழே போட்டுவிட்டாளாம். போனைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்தாளாம், போன் கை நழுவிக் கண்ணில் விழுந்துவிட்டதாம். போன் என்ன நிறம் என்பதுவரை மருந்துக்கடை வரிசைக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் குழந்தையின் கைபடாத படத்தைத் தேடி எடுத்தார். வலது கண் நல்ல சிவப்பு. இடது கண்ணில் சின்ன விளக்கு ஏற்றிவைத்த மாதிரி வெள்ளை. ஃபிளாஷ் கண்ணைக் கெடுக்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னாலேயே உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. அவர்தான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறார். இவ்வளவு மோசமாக ஒரு கண் விழுந்திருக்கிறதே என்று அன்று சலித்துக்கொண்டதும், கிடங்குக்குப் போகச் சோம்பல்பட்டுப் பக்கத்துக் கண்ணையே எடுத்து ஒட்டியதும், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்ததும் ஞாபகம் வந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அழிச்சிடுங்க," என்றார் முதலாளி.

"அந்தப் பொண்ணு மேல பழி விழுந்திருக்கு முதலாளி."

"நம்ம மேல விழல இல்ல? இப்பதான் பலகை மாட்டியிருக்கேன். சிவப்புக் கண்ணு, வெள்ளைக் கண்ணு எல்லாத்தையும் கறுப்பாக்கத்தானே ஜனங்க நமக்குக் காசு தராங்க. நாம என்ன ஆஸ்பத்திரியா வச்சிருக்கோம்?"

"டாக்டர்னு நீங்கதானே கூப்பிடறீங்க."

"அது கிண்டலுக்குக் கூப்பிடறதுய்யா."

டாக்டர் அழிக்கவில்லை. பிரிண்ட் போட்டு, அட்டை உறையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்த வீட்டுக்குப் போனார். தந்தையும் இருந்தார். பஸ் ஓட்டுகிறவர்; பேசுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கம். டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். ஒட்டியதைச் சொன்னார், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதைச் சொன்னார், குழந்தை பிறந்தபோதே புரை இருந்திருக்கிறது, இதில் அம்மாவின் தப்பு எதுவும் இல்லை என்று சொன்னார்.

நாத்தனார் பிரிண்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நேச்சுரல்னீங்க."

"பொய்க்கா அது."

"அப்ப இன்னிக்குச் சொல்றது?"

"இது நிஜம்."

"கறுப்பு வைக்கத் தெரிஞ்ச கைக்கு வெள்ளை வைக்கத் தெரியாதா தம்பி? ஊரே உங்களைக் கண்ணு டாக்டர்னுதானே சொல்லுது. இவ வந்து அழுதாளா? இல்ல, ஆஸ்பத்திரில இவளைப் பாத்துப் பாவமாயிடுச்சா?"

தந்தை சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், பிரிண்ட்டைப் பார்த்தார். "ரெண்டையும் இவர்தான் போட்டது," என்றார். "எதை நம்பறது?"

கேள்வி நியாயமானது. இத்தனை வருஷம் பொய்யை நிஜம் மாதிரி செய்து பெயர் வாங்கியவர், ஒரே ஒரு நிஜத்தைக் கொண்டுவந்தார். அதற்குக் கிடைத்தது, வேலை சுத்தமாக இருக்கிறது என்ற பாராட்டு.

தாய் மட்டும் பிரிண்ட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "நான் பாத்தது இதைத்தான்," என்றாள். யாருக்கும் சொல்லவில்லை; தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு அதை உறையில் போட்டு ஆஸ்பத்திரிப் பைக்குள் வைத்தாள். பின்னால் கண் மருத்துவர் அதைப் பார்த்தார், தலையசைத்தார், பிறவிப் புரைதான் என்று சொன்னார். ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது. வீட்டில், டாக்டரம்மாவுக்கும் இவள் அழுது காட்டியிருப்பாள் என்று முடிவானது. ஹாலில் பழைய படம் அப்படியே தொங்கியது. நன்றாக வந்த படத்தை எதற்குக் கழற்ற வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் செருப்பை மாட்டும்போது தாய் வாசல்வரை வந்தாள். திட்டுவாள் என்று அவர் நின்றார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அண்ணா, அன்னிக்கு மூணு படம்னு பேசினோம். ரெண்டுதான் குடுத்தீங்க."

"எது பாக்கி?"

"நானும் இவனும் இருக்கறது." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "கை வைக்காம குடுங்க. எப்படி இருக்கோ அப்படியே."

ஸ்டூடியோவுக்குத் திரும்பி அதைத் தேடினார். 'ஆகாதவை' என்று ஒதுக்கிவைத்த இடத்தில் கிடந்தது. குழந்தை பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் ஒட்டுவதற்கு இடமில்லை, அதனால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது. பெரிதாக்கினார்.

தாய் வலது கையில் குழந்தையை ஏந்தியிருக்கிறாள். முகத்துக்கும் முகத்துக்கும் ஒன்றரைச் சாண் தூரம். மேலே தெரிகிற நல்ல கண்ணால் குழந்தை அவளைப் பார்க்கிறது. கூரையை அல்ல, விளக்கை அல்ல. அவள் நெற்றியில் முடி தொடங்குகிற இடத்திலிருந்து இறங்கி நேராக அவள் கண்ணை. யாரும் ஒட்டாத பார்வை. அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது.

அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. பளிச்சென்று சிரித்தபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் முதலாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு கூவிய தன் குரலே அவருக்கு இப்போது கேட்டது. "இங்க பாருங்கம்மா, குழந்தையைப் பாக்காதீங்க, இங்க பாருங்க."

அவள் கண்மணிகளை நகர்த்திக் குழந்தையின் பக்கம் திருப்புவது அவருக்கு ஒரு டீ நேரத்து வேலை. மௌஸைக் கையில் எடுத்தார். நகர்த்திப் பார்த்தார். மிக நன்றாக வந்தது, அதனாலேயே பழையபடி மாற்றினார். பிரிண்ட் மட்டும் போடவில்லை; போட்டுக் கொடுத்தால், தன்னையே பார்த்த குழந்தையைத் தான் பார்க்காமல் விட்டதை அவள் பார்த்தாக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஒருநாள் அவள் ஸ்டூடியோ வழியாக வந்தாள். குழந்தையின் நல்ல கண்ணை மூடி ஒரு துணி ஒட்டியிருந்தது, மற்ற கண் வேலை கற்றுக்கொள்வதற்காக. அந்தக் கண் கதவை, பலகையை, டாக்டரை எல்லாம் தடவிக் கடந்தது, எதிலும் நிற்கவில்லை.

"படம் ஆச்சாண்ணா?"

"பிரிண்டர்ல மை தீந்துடுச்சும்மா. அடுத்த வாரம் வாங்க."

அவளுக்குப் பின்னால் சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர், யாரோ ஒரு குழந்தையின் கறுத்த கண்களை முகத்தோடு வெளியே தள்ளியது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். சரிண்ணா என்று போனாள். முன்பு இரண்டு படங்களைக் கொடுத்தபோது ரசீதின் அடியில் 'பாக்கி ஒன்று' என்று டாக்டர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.